ஒன்பது புளியங்கொட்டைகள்: மலைத்தோட்டத்திலிருந்து மடிப்பாக்கம் வந்த ஒரு மூதாட்டியின் பங்குனி

சென்னையில் முதியோரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பணியில் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, சமூகப் பணியாளர். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பேத்தி கூப்பிடுவதுபோல் அந்த மூதாட்டியை அப்பத்தா என்றே குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

அப்பத்தாவுக்கு வயது 74. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே அவருக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அரபிக்கா காப்பிச் செடிகள், நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடிகள், ஊடே மலைவாழை. வீட்டை ஒட்டிச் சௌசௌப் பந்தல், பத்துப் பன்னிரண்டு கோழிகள். தண்ணீர் மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஊற்றிலிருந்து. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அதே வீடு.

ஐப்பசி மழையில் கணவர் காலமானார். காப்பிப் பழம் பறிக்கும் நேரம் நெருங்கிவிட்டதால் அப்பத்தா மலையை விட்டு அசையவில்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் ஆள் வைத்துப் பழம் பறித்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டிய பிறகுதான் மகனோடு கிளம்பச் சம்மதித்தார். பிப்ரவரி இரண்டாம் வாரம் மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடியிலுள்ள மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகன் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், மருமகள் பள்ளி ஆசிரியை, பேத்தி ஒன்பதாம் வகுப்பு. தோட்டத்தைப் பக்கத்து வீட்டில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். சித்திரைக்குள் அதைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மகன் நினைத்திருந்தார். அதை அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. அப்பத்தா அதைத் தானே தெரிந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வந்த இரண்டாம் வாரம் மகன் அம்மாவை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனார். ரத்த அழுத்தம் 172/94. டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இதில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் மாத்திரைதான் அது.

மருமகள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஊறுகாய் நின்றது, மோரில் உப்பு நின்றது. குழம்பு தனியாக வைத்தார். மாசி பிறந்ததும் சென்னை வெயில் ஏறத் தொடங்கியது. மலைக்காற்றுக்குப் பழகிய உடம்பு இந்தப் புழுக்கத்தைத் தாங்காதே என்று பயந்து, இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மதியத்திலும் நிரப்பி வைத்து, "அத்தை, சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் காலியாகணும்" என்று அன்பாகக் கண்டிப்பு காட்டினார். அப்பத்தாவும் மறுக்காமல் குடித்தார். புது மாத்திரை, குறைந்த உப்பு, நாளைக்கு நான்கு லிட்டர் வெறும் தண்ணீர்: இந்த மூன்றையும் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டில் அப்பத்தாவுக்கு ஒரு வேலைகூட இல்லை. அடுப்படிக்குப் போனால் "நீங்க உக்காருங்க அத்தை", துடைப்பத்தைத் தொட்டால் "ஆள் வருது அத்தை". இத்தனை வருஷம் உழைத்தவர் இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்ற எண்ணம்தான்.

## முதல் அறிகுறிகள்

மார்ச் 8 வாக்கில் சாப்பாடு குறைந்தது. குமட்டல் என்றார். நடை தள்ளாடியது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தார்கள்.

மார்ச் 12 முதல் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறக்க முயன்றார். கேட்டால், "கோழியைத் தெறந்து விடணும்" என்றார். பகலில் சில நேரம் மகனைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்ப முடியாதபடி தூங்கினார். மார்ச் 15 முதல் புதிதாக ஒரு பேச்சு சேர்ந்துகொண்டது: "பூக்கப் போகுது. நான் போகணும்." மார்ச் 16 அன்று விடிகாலை நாலரைக்கு அடுக்குமாடியின் கேட் அருகே நின்றிருந்தவரை வாட்ச்மேன் மேலே அழைத்து வந்தார். காலில் செருப்பு இல்லை.

மறுநாள் மருமகள் எனக்குப் போன் செய்தார். அவர் சொன்னதைக் கேட்டு நான் கொடுத்த யோசனை இரண்டு: கதவுக்கு மேலே கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், மறதி நோய் பார்க்கும் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மருத்துவரிடம் பத்து நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. என் முறைப்பட்டியலில் அவர்கள் வீட்டை 23ஆம் தேதிக்குப் போட்டேன். இடையில் மகன் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு ஒரு தூக்க மாத்திரை வாங்கி நான்கு இரவு கொடுத்திருக்கிறார். அதனால் இரவில் கதவுப் பக்கம் போவது குறைந்தது, பகல் மயக்கம் கூடியது.

## மார்ச் 23: வீட்டில் பார்த்தவை

காலை ஒன்பதரைக்குப் போனேன். அப்பத்தா ஜன்னலோரம் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாக்கு வறண்டிருக்கவில்லை, கால் வீக்கமும் இல்லை. என்னைப் பார்த்ததும், "வா தாயி, எந்த ஊரு?" என்று கேட்டார். பத்து நிமிடம் தெளிவாகப் பேசினார். பிறகு பேச்சு நடுவிலேயே அறுந்தது. கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். ஞாயிறு, சனி என்று ஆரம்பித்து, அங்கேயே நின்று, ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தெளிவு.

இந்த ஏற்ற இறக்கம்தான் என்னை நிமிர வைத்தது. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. ஒரு மாதம் முன்பு மூட்டைக் கணக்கும் ஆள் கூலியும் மனக்கணக்காகவே முடித்துக் கொடுத்தவர் அவர் என்று மகனே சொன்னார். இரண்டு வாரத்தில் மூண்டு, காலையில் குறைந்து மாலையில் கூடி, கவனத்தை நிறுத்த முடியாமல் செய்வது டெலீரியம் என்னும் திடீர் மனக்குழப்பம். அதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் தீரும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஆபத்து.

அப்போதுதான் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தேன். "இதையும் எழுதிக்கங்க மேடம். தினம் ஒண்ணு எடுத்து வைக்கிறாங்க, தொடவிட மாட்டேங்குறாங்க," என்றார் மருமகள். மறதியின் அடையாளங்கள் என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியலில் அதுவும் இருந்தது. எண்ணினேன். ஒன்பது.

அப்பத்தாவிடம் கேட்டேன். "மழை பேஞ்சு இன்னியோட ஒம்பது நாளு. பூத்துருக்கும் தாயி," என்றார்.

காப்பிச் செடியைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கேட்டறிந்ததைச் சொல்கிறேன். மார்கழி, தைக்குப் பிறகு வரும் வறட்சியில் காப்பி மொட்டுகள் வளராமல் உறங்கிக் கிடக்கும். கோடையின் முதல் நல்ல மழை விழுந்தால் உறக்கம் கலையும். மழை விழுந்த எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளையாகப் பூக்கும், மல்லிகைபோல் மணக்கும். இரண்டு மூன்று நாளில் பூ கருகிவிடும். அந்த மழை போதாமல் போனாலும், சில வாரங்களுக்குள் அடுத்த மழை வராவிட்டாலும் பிஞ்சு பிடிக்காது. அடுத்த தை மாத வருமானம் பங்குனியின் அந்தச் சில நாட்களில் முடிவாகிறது. அரை நூற்றாண்டாக அப்பத்தா எண்ணி வந்த நாட்கள் அவை.

14ஆம் தேதி இரவு தொலைக்காட்சிச் செய்தியில் கொடைக்கானல் மலைப்பகுதியில் மழை என்று ஒரு வரி ஓடியதாம். அதிலிருந்து கொட்டை வைக்கத் தொடங்கியிருக்கிறார்.

நான் அங்கேயே மகனிடம் தோட்டத்துப் பையனின் எண்ணை வாங்கிப் பேசினேன். "நேத்து சாயந்தரமே மொட்டு வெள்ளையாயிருச்சு, இன்னிக்குக் காலைல எல்லாம் விரிஞ்சிருச்சுங்க. அத்தாச்சிக்கு யாரு சொன்னா?" என்று கேட்டான் அவன்.

அந்த அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எட்டு நாளாகப் பிதற்றல் என்று எல்லோரும் நினைத்த பேச்சு மிகச் சரியான செய்தியாக இருந்தது. அதற்காக அவருக்குக் குழப்பமே இல்லை என்று ஆகிவிடாது. கிழமை சொல்ல முடியவில்லை, மகனை அடையாளம் தவறுகிறது, நடை தள்ளாடுகிறது. குழப்பமும் இருந்தது, அறிவும் இருந்தது, ஒரே மனுஷிக்குள் இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

## முதல் முடிவு: அன்றே ரத்தப் பரிசோதனை

மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சிறுநீரைக் கூட்டும் மருந்து வகையான தயசைடு என்ற பெயரைக் கண்டதும், எப்போது தொடங்கியது, உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். மருமகள் இரண்டு பாட்டில்களையும் காட்டினார். மறதி நோய் மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தூக்க மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன்.

மதியம் முடிவு வந்தது. சோடியம் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உடனே அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மருத்துவர் குடும்பத்துக்கு விளக்கியதை அவர்கள் எனக்குச் சொன்னார்கள். இந்த வகை மாத்திரை சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும். அதோடு, மிகுந்த தண்ணீரைத் தனியாகப் பிரித்து வெளியேற்றும் சிறுநீரகத்தின் திறனையும் குறைக்கும். வயதானால் அந்தத் திறன் ஏற்கெனவே குறைவு. அதன்மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளைச் செல்கள் தண்ணீரை இழுத்து வீங்கும். குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் அதன் விளைவு. இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும்.

சரிசெய்வதிலும் அவசரம் கூடாது. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்பதால் அளந்து அளந்து ஏற்றினார்கள். மாத்திரையை நிறுத்தி, தண்ணீரைக் கட்டுப்படுத்தி, உப்பு நீரை மெதுவாக ஏற்றியதில் மறுநாள் 128, மூன்றாம் நாள் 132, ஐந்தாம் நாள் 135. மூளை ஸ்கேனில் வயதுக்கு மீறி எதுவும் இல்லை. சிறுநீர்த் தொற்று இல்லை, தைராய்டு சரி. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்காம் நாள் மருத்துவமனையில் பார்த்தபோது, அப்பத்தா கிழமைகளைப் பின்னிருந்து தடங்கல் இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "பூவெல்லாம் உதுந்துருக்கும். அடுத்த மழை எப்ப வருதோ," என்றார்.

## இரண்டாவது முடிவு: எங்கே இருப்பது

மருத்துவக் கணக்கில் இந்த நிகழ்வு அத்துடன் முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால், முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வீடு திரும்பிய வாரம் அப்பத்தா தெளிவாக இருந்தார், ஆனால் பேச்சில்லாமல் இருந்தார். சாப்பிட்டார், படுத்தார். நான்கு மணிக்கு விழிப்பு வந்து, விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணவருக்காக அழுதாரா என்று மருமகளிடம் கேட்டேன். சென்னைக்கு வந்த பிறகு அழுததே இல்லை என்றார். ஏப்ரல் 2ஆம் தேதி நால்வரையும் உட்காரவைத்துப் பேசினேன். அப்பத்தாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "இந்த மாசம் அங்க என்ன வேலை இருக்கும்?"

முக்கால் மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. பூ உதிர்ந்த பிறகு தண்டில் வெடிக்கும் வேண்டாத தளிர்களைக் கிள்ள வேண்டும். வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு கோடை மழையோடு வெளியே வரும். அதற்குள் ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவி, பட்டையில் மேடு தட்டுகிறதா என்று பார்த்து, புழு விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். நிழல் மரத்தில் கிளை கழிக்க ஆள் சொல்ல வேண்டும். காய்ந்த மிளகை இன்னொரு வெயில் காட்டி மூட்டை மாற்ற வேண்டும். ஊற்று வற்றும் காலம், தூர்வார வேண்டும். அடைக்கோழி ஒன்று இருந்தது, அதற்கு முட்டை வைத்தார்களோ இல்லையோ. ஆனி மழைக்கு முன் விறகு சேர்க்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும்.

பேத்தி சொன்னாள்: "அப்பத்தா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல."

மகனின் கவலையும் நியாயமானது. அம்மா தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு வத்தலக்குண்டு வரை இறங்க வேண்டுமே என்றார். மருமகளுக்கு வேறொரு வலி. "நான் சரியாப் பாத்துக்கலைன்னு ஊர்ல சொல்லுவாங்க," என்று அழுதார். அப்பத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்த தண்ணியத்தான் குடிச்சேன் கண்ணு, வேற யாரு குடுத்தா இவ்வளவு குடிப்பேன்," என்றார். அந்த ஒரு வாக்கியம் நான் அன்று செய்ததைவிட அதிகம் செய்தது.

முடிவு இப்படி அமைந்தது. குத்தகைப் பேச்சை ஓராண்டு தள்ளிவைப்பது. பள்ளி விடுமுறைக்குப் பேத்தியோடு மூன்றரை வாரம் மலைக்குப் போய்ப் பார்ப்பது, முதல் வாரம் மகனும் உடனிருப்பது. போகுமுன் இரண்டு முறை சோடியம் பார்ப்பது. ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி, பேத்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளந்து எழுதுவது. உப்பை அளவாகச் சேர்ப்பது, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது, பாட்டில் கணக்கு வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதால் அங்குள்ள சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்வது.

நிரந்தரமாக அனுப்பவும் இல்லை, நிரந்தரமாக நிறுத்தவும் இல்லை. அவசரப்பட்டு எடுக்கும் முடிவைத் திருத்த முடியாமல் போகும் என்பதால் திருத்தக்கூடிய முடிவாக எடுத்தோம்.

## மலையில் இருபத்து நான்கு நாட்கள்

ஏப்ரல் 26 இரவு எழும்பூரில் ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறினார்கள். பேத்தி ஒரு நோட்டில் தினமும் எழுதினாள். ரத்த அழுத்தம் எழுதத்தான் நோட்டு கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அதிலிருந்து எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பத்தாவின் நிலையைப் பற்றி இதைவிட நல்ல குறிப்பு என்னிடம் இல்லை.

நான்கு மணிக்கு எழுகிறார். விறகடுப்பில் வெந்நீர். பாலில்லாக் காப்பி, கருப்பட்டி போட்டு. வெளிச்சம் வரும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முன்னால் கோழியைத் திறந்தால் மரநாய் தூக்கிவிடுமாம். ஆக, மடிப்பாக்கத்தில் நான்கு மணிக்குக் கதவைத் திறக்கப்போனது குழப்பத்தில்தான். மலையில் அவர் ஆறு மணிக்கு முன்னால் கூட்டைத் திறந்ததே இல்லை. இதைப் பேத்தி எழுதியிருந்ததைப் படித்தபோது, மார்ச் மாதம் நான் கேட்கத் தவறிய கேள்வி எது என்று புரிந்தது. "எத்தனை மணிக்குக் கோழி திறப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எது பழக்கம், எது நோய் என்று 17ஆம் தேதியே ஒரு நூல் பிடிபட்டிருக்கும்.

பூ உதிர்ந்த இடத்தில் ஊசித்தலை அளவுக்குப் பிஞ்சு நின்றது. ஏப்ரல் 9 அன்று இரண்டாவது மழை பெய்திருந்தது. அப்பத்தா முதல் நாள் செய்தது, செடிசெடியாக நடந்து பிஞ்சைப் பார்த்ததுதான். காலை ஏழு முதல் பத்து வரை தளிர் கிள்ளுதல். பேத்திக்கு எந்தத் தளிரைக் கிள்ளுவது, எதை விடுவது என்று முதல் மூன்று நாள் புரியவில்லை. "மேல பாத்து நேராப் போறதக் கிள்ளு, பக்கமாப் போறத விடு" என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். பத்து மணிக்கு மேல் வெயில் உறைத்தாலும் மர நிழலில் காற்று இருந்தது. மதியம் பலாப்பிஞ்சுக் கூட்டோ சௌசௌக் குழம்போ. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூக்கம், எழுப்பாமலே எழுந்தார்.

அடைக்கோழிக்கு முட்டை வைக்கப்படவில்லை. வந்த மூன்றாம் நாள் அப்பத்தா ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி ஒன்பது முட்டை வைத்தார். இருபத்தோராம் நாள் பொரிக்கும் என்று சொல்ல, பேத்தி ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளை எண்ணிப் பார்த்து, ஒரு நாள் மிச்சம் என்று எழுதியிருக்கிறாள். ஏழு குஞ்சு பொரித்தது. கடைசிப் பக்கம் முழுக்கக் குஞ்சுகள்தான்.

ஐந்தாம் நாள் இரவு, கணவர் படுக்கும் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா வெகுநேரம் அழுதார். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பேத்தி இதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ரத்த அழுத்தம் 142/82 என்று எழுதியிருக்கிறாள்.

பதினோராம் நாள் ஒரு சறுக்கல். ஊற்றைத் தூர்வாரப் போனவர் பாசி பிடித்த கல்லில் வழுக்கி இடது மணிக்கட்டை ஊன்றி விழுந்தார். வீங்கியது. கீழே இறங்கி எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை. சென்னைக்குத் திரும்பியிருந்த மகன் அன்றிரவு எனக்குப் போன் செய்து, "இதுக்குத்தான் மேடம் பயந்தேன். நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன்," என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. காலையில் மூவரும் போனில் பேசினோம். அப்பத்தா சொன்னது: "ஊத்துக்கு நான் போகல. குழாய வீட்டுவர இழுத்துக் குடு." ஆபத்து மலை முழுவதிலும் இல்லை, அந்த ஐம்பதடிச் சரிவில் இருந்தது. சரிவை விலக்கினோம், மலையை விலக்கவில்லை. பையன் இரண்டு நாளில் ஓஸ் குழாய் இழுத்து வீட்டு வாசலில் தொட்டி வைத்துக் கொடுத்தான்.

மே 20 திரும்பினார்கள். சோடியம் 137. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

## தொடர்ந்து நடந்தவை

இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் மண்சரிவுக்கும் அப்பத்தா சென்னையில் இருக்கிறார். மார்கழிப் பறிப்புக்கு மலையேறி, இடையில் இரண்டு மூன்று வாரம் மடிப்பாக்கம் வந்து, மறுபடி பங்குனியில் பூவுக்கு மலையில் இருக்கிறார். இந்த ஆண்டு அக்னி நட்சத்திரத்தைச் சென்னையில் அவர் பார்க்கவே இல்லை. அந்த உறவுக்காரப் பையனின் குடும்பம் தோட்டத்து வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்துவிட்டது. விளைச்சலில் அவர்களுக்குப் பங்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

மடிப்பாக்கத்து வீடும் மாறியது. காலை டிகாக்ஷன் இறக்குவது இப்போது அப்பத்தாவின் வேலை. மலையிலிருந்து வரும் கொட்டையை வாரம் ஒருமுறை இரும்புச் சட்டியில் தானே வறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த மணம் படிக்கட்டில் இறங்கும்போது இரண்டாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து கேட்கிறார்கள் என்று மருமகள் சொன்னார். "உக்காருங்க அத்தை" என்று சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பெரிய முயற்சி தேவைப்பட்டது என்றும் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போக்குவரத்துக்கும் கூலிக்கும் செலவு கூடியிருக்கிறது. தோட்ட வருமானம் அதை முழுதாக ஈடுகட்டவில்லை. அறுவடை மாதத்தில் மகனுக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. வலது முழங்கால் தேய்ந்து வருகிறது. இன்னும் எத்தனை பங்குனி என்ற கேள்வியை மகன் என்னிடம் தனியாகக் கேட்டார். அப்பத்தாவிடமே கேட்கச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.

## மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்ய வேண்டியவை

என் தவறிலிருந்து தொடங்குகிறேன். மார்ச் 17 அன்று போனிலேயே மாத்திரை என்ன, எப்போது மாறியது என்று கேட்டிருக்க வேண்டும். முதியவரிடம் இரண்டு வாரத்துக்குள் வந்த குழப்பத்தை மறதி நோய் என்று எடுத்துக்கொண்டது பிழை. அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. நான் ஆறு நாளைத் தொலைத்தேன். அந்த ஆறு நாளில் வலிப்பு வந்திருந்தால் நான் போட்ட தேதி அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். இப்போது திடீர்க் குழப்பம் என்று அழைப்பு வந்தால் முறைப்பட்டியலில் சேர்ப்பதில்லை, அன்றே போகிறேன்.

எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடச் சொன்னதும் தவறு. தீப்பிடித்தால் அவரால் வெளியேறியிருக்க முடியாது. யாராவது அவரோடு எழுந்து கீழே ஒரு சுற்று நடந்து வந்திருக்கலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை குழப்பத்தில் இருக்கும் முதியவருக்குக் குழப்பத்தையும் விழும் வாய்ப்பையும் கூட்டும். குடும்பங்களுக்குக் கொடுக்கும் தாளில் இதை இப்போது முதல் வரியாக வைத்திருக்கிறேன். இரண்டாம் வரி, சிறுநீரைக் கூட்டும் அழுத்த மாத்திரையை வயதானவர்களுக்குத் தொடங்கினால் இரண்டு வாரத்துக்குள் சோடியம் பார்க்க வேண்டுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள் என்பது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது என்பதும் அதே வரியில் இருக்கிறது.

மூன்றாவது, என் வீட்டு வருகைப் படிவத்தில் சேர்த்த ஒரு கேள்வி. ஊரிலிருந்து வந்தவராக இருந்தால், "இந்த மாசம் உங்க ஊர்ல என்ன வேலை நடக்கும்?" பதில் சொல்லும் விதத்திலேயே கவனமும் நினைவும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடுகிறது. எதை விட்டுவந்தார் என்றும் தெரிகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாத்தா ஒருவர் இதற்குப் பதிலாக உளுந்து பறிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் மகள் அதற்கு முன் அவர் குரலையே மறந்துவிட்டதாகச் சொன்னார்.

தோட்டத்து வீட்டிலிருந்து களத்துக்கு இறங்கும் பதினாறு கற்படிகளுக்குக் கைப்பிடி வைக்க வேண்டும் என்று அந்த முதல் சறுக்கலின்போதே பேசினோம். அது இன்னும் நடக்கவில்லை. மகன் இரும்புக் குழாய் வாங்கி மலைக்கு ஏற்றிவிட்டார். மழை விட்டதும் பற்றவைக்க ஆள் வருவதாகப் பையன் போன வாரம் சொன்னான்.